பதினெட்டு மீற்றரில் ஒரு களவு

மட்டக்களப்பு வாவிக்கரையில் மென்பந்துச் சுற்றுப்போட்டி நடக்கும் எந்த மைதானத்திலும் இதைப் பார்க்கலாம். துடுப்பாட்டக்காரர் பந்தை மெல்லத் தட்டிவிடுகிறார். அது பத்து மீற்றர்கூட உருளவில்லை. மறுமுனையில் நின்றவரோ “வா, வா, வா” என்று கத்தியபடி பாதித் தூரம் வந்துவிட்டார். களத்தடுப்பாளர் பாய்ந்து எடுத்து எறிகிறார். பந்து விக்கெட்டுக்கு ஒரு முழம் தள்ளிப் போகிறது. ஓட்டம் களவு போய்விட்டது. எறிந்தவர் தன் கையைப் பார்க்கிறார், அணித்தலைவர் வானத்தைப் பார்க்கிறார், கயிற்றுக்கு வெளியே நிற்கும் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

எல்லாம் ஏறத்தாழ மூன்று செக்கனுக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த மூன்று செக்கனைப் பிரித்து அடுக்கினால், களவெடுத்தவர் கொண்டுபோனது ஓட்டம் மட்டுமல்ல என்பது தெரியும். பத்தில் ஒரு செக்கன் இங்கே, பத்தில் இரண்டு அங்கே என்று எதிரணியின் நேரத்தைச் சில்லறை சில்லறையாக எடுத்திருக்கிறார்.

முதலில் தூரம். கிரிக்கெட்டில் விக்கெட்டுக்கும் விக்கெட்டுக்கும் இடையே 22 யார், அதாவது 20.12 மீற்றர். ஆனால் ஓடுபவர் அவ்வளவும் ஓடுவதில்லை. ஒரு கோட்டிலிருந்து எதிர்க் கோட்டுக்கு ஓடினால் போதும். அது 58 அடி, 17.68 மீற்றர். இப்போது உலகின் மறுபக்கம் போவோம். அமெரிக்காவில் சொஃப்ட்போல் என்றொரு ஆட்டம் இருக்கிறது. வைரக்கல் வடிவில் நான்கு தளங்கள். பந்தை அடித்துவிட்டு ஒவ்வொரு தளமாக ஓடி, நான்காவதைத் தொட்டால் ஓர் ஓட்டம். ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்கு 60 அடி, 18.29 மீற்றர். நம் தூரத்துக்கும் அவர்களுடையதற்கும் வித்தியாசம் வெறும் 61 சென்ரிமீற்றர். ஒரு நாட்டார் கோட்டை அளந்தபோது மற்ற நாட்டாரை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் இரண்டு ஆட்டங்களும் மனிதக் கால்களையும் மனிதக் கைகளையும் சரிக்குச் சமமாக மோதவிடும் ஓர் அளவில் வந்து நின்றிருக்கின்றன. அதைவிடச் சற்றுக் குறைந்தால் ஓடுபவர் எப்போதும் வெல்வார், சற்றுக் கூடினால் எறிபவர் எப்போதும் வெல்வார். இரண்டிலும் கூட்டம் வீட்டுக்குப் போய்விடும்.

சொஃப்ட்போல் பிறந்தது ஒரு படகுக் கழகத்தில் என்பது வாவிக்கரைக்காரருக்குப் பிடிக்கக்கூடிய செய்தி. 1887 நவம்பரில் சிக்காகோவின் ஃபரகட் படகுக் கழகத்தில், யேல், ஹாவர்ட் பல்கலைக்கழகங்களின் பழைய மாணவர்கள் ஒரு காற்பந்தாட்ட முடிவுக்காகக் காத்திருந்தார்கள். முடிவு வந்த உற்சாகத்தில் ஒருவர் பழைய குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, மற்றவர் அதைத் தடியால் அடித்தார். அருகே நின்ற ஜோர்ஜ் ஹன்கொக் என்ற செய்தியாளர் கையுறையைப் பந்துபோலச் சுற்றிக் கட்டினார், தரையில் சுண்ணக்கட்டியால் தளங்களைக் கீறினார், விளக்குமாற்றுப் பிடியைத் துடுப்பாக்கினார். குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே ஆட ஓர் ஆட்டம் கிடைத்தது. 1996இல் அது ஒலிம்பிக்குக்கும் போய்ச் சேர்ந்தது.

இன்றைய சொஃப்ட்போல் பந்தைக் கையில் வாங்கினால் நம்மவர் திகைப்பார்கள். மட்டக்களப்பில் மென்பந்து என்றால் ரெனிஸ் பந்து. நிறை சுமார் 57 கிராம். கடினப்பந்து என்று நாம் பயப்படும் கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம். சொஃப்ட்போலில் ஆடும் பந்து 180 முதல் 200 கிராம் வரை, சுற்றளவும் முப்பது சென்ரிமீற்றர். அதை “மென்மையானது” என்று யாராவது சொன்னால், அவர் அதை இன்னும் நெஞ்சில் வாங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கர்கள் இந்தக் கரைக்கு வராமலும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவிகள் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலைகளில் பணியாற்றினார்கள். அவர்களில் ஹரல்ட் வெபர் அடிகளின் பெயரைத்தான் நகரின் வெபர் மைதானம் தாங்கி நிற்கிறது. அவர்கள் காலத்தில் புனித மிக்கேல் கல்லூரியில் வேரூன்றி வளர்ந்தது கூடைப்பந்து. தளத் திருட்டுக்கு இங்கே இடம் இருக்கவில்லை. ஓட்டத் திருட்டே போதியளவு இருந்தது.

தளத் திருட்டு என்றால் என்ன? சாதாரணமாகப் பந்து அடிக்கப்பட்டால்தான் ஓடுவார்கள். திருடுபவர் அதற்குக் காத்திருப்பதில்லை. பந்தெறிபவர் பந்தை விட்டதுமே, அடி விழுகிறதோ இல்லையோ, முதலாம் தளத்திலிருந்து இரண்டாம் தளத்துக்குப் பறக்கிறார். துடுப்புக்காரரின் பின்னே குந்தியிருக்கும் பிடிப்பவர், நம் விக்கெட் காப்பாளரின் உறவுக்காரர், பந்தைப் பிடித்து எழுந்து இரண்டாம் தளத்துக்கு எறிய வேண்டும். அங்கே நிற்பவர் அதை வாங்கி, ஓடிவருபவரின் உடலில் பந்தால் தொட வேண்டும். தளத்தை மிதிப்பதற்கு முன் தொட்டுவிட்டால் கள்வர் பிடிபட்டார்.

சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சொஃப்ட்போலின் மூத்த சகோதரமான பேஸ்போலில், பந்து எறியப்படுமுன்பே ஓடுபவர் தளத்தைவிட்டு மூன்று நான்கு மீற்றர் நகர்ந்து நிற்கலாம். அது ஒரு கலை. சொஃப்ட்போலில் பந்து கையைவிட்டுப் போகும்வரை பாதம் தளத்தில் இருக்க வேண்டும். முன்னதாக விட்டால் ஆட்டமிழப்பு. கிரிக்கெட்டில் முன்னதாக நகர்ந்தால் பந்துவீச்சாளரே விக்கெட்டைத் தட்டிவிடலாம். 1947 டிசம்பரில் சிட்னியில் இந்தியாவின் வினூ மன்கட், அவுஸ்திரேலியாவின் பில் பிரவுனை அப்படி வெளியேற்றியதிலிருந்து சண்டை ஓயவில்லை. 2014 ஜூன் 3ஆம் திகதி எட்பாஸ்டனில் இலங்கையின் சச்சித்ர சேனாநாயக்க, இங்கிலாந்தின் ஜோஸ் பட்லரை அவ்வாறே வெளியேற்றியபோது இங்கிலாந்துப் பத்திரிகைகள் கொதித்தன. 2022இல்தான் சட்டப் புத்தகத்தில் இது “நியாயமற்ற ஆட்டம்” என்ற பகுதியிலிருந்து சாதாரண ரன் அவுட் பகுதிக்கு மாறியது. ஓட்டம் களவெடுக்கப் புறப்பட்டவர் காவல்காரரை நியாயம் கேட்பது எனக்கு எப்போதும் சிரிப்பைத் தருகிறது.

இனிக் கணக்கு. பெண்கள் சொஃப்ட்போலில் பந்தெறிபவர் 13.11 மீற்றர் தூரத்திலிருந்து கீழ்க்கையாக எறிகிறார். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் என்றால், பந்து பிடிப்பவரின் கைக்கு வர 0.45 செக்கன் அளவில் ஆகும். பிடிப்பவர் அதை வாங்கி, எழுந்து, மூலைவிட்டமாக 25.86 மீற்றர் தூரத்திலுள்ள இரண்டாம் தளத்துக்கு அனுப்ப, கைதேர்ந்தவராயின் 1.8 செக்கன். தொடுவதற்கு இன்னும் பத்தில் ஒன்றரைப் பங்கு. கூட்டினால் 2.4 செக்கன். இதற்குள் 18.29 மீற்றரை ஓடி முடிக்க வேண்டும். முடியுமா? 2009இல் பேர்லினில் உலக சாதனை படைத்த ஓட்டத்தில் உசைன் போல்ட் முதல் 20 மீற்றரைக் கடந்தது 2.88 செக்கனில். அவர் புறப்பட எடுத்த 0.146 செக்கனைக் கழித்து, 18.29 மீற்றருக்குச் சுருக்கினாலும் 2.6 அளவில் வரும். ஆக, மனித வரலாற்றின் அதிவேக ஓட்டக்காரரே இரண்டாம் தளத்தில் பிடிபடுகிறார்!

ஆனால் பாடசாலைப் பிள்ளைகள் அன்றாடம் அந்தத் தளத்தைத் திருடுகிறார்கள்.

போல்ட்டுக்கு ஒரு வெடிச்சத்தம் கேட்க வேண்டும். கேட்டு, மூளை உணர்ந்து, தசைக்குக் கட்டளை போக வேண்டும். பாடப்புத்தகத்தில் தூண்டல், துலங்கல் என்று படித்த அந்தப் பாதையில் ஒலிக்கு சுமார் 0.15 செக்கனும், கண்ணால் கண்டதற்கு 0.2 செக்கனும் செலவாகும். போல்ட்டுக்கு நாம் கழித்துக் கொடுத்த இந்த வரியைத் திருடுபவர் கட்டுவதே இல்லை; அதற்கு மேலும் மிச்சம் பிடிக்கிறார். சொஃப்ட்போலில் எறிபவரின் கை காற்றாடிபோல் ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்பருகே பந்தை விடுகிறது. வட்டம் தொடங்கியதுமே அது எங்கே முடியும் என்று தெரிந்துவிடும். எனவே ஓடுபவர் பந்து விடுபடுவதைக் கண்டு புறப்படுவதில்லை. விடுபடப்போகும் கணத்தை முன்கூட்டியே கணித்து, பின்காலால் உந்தத் தொடங்கிவிடுகிறார். முன்கால் நுனி மட்டும் தளத்தில் ஒட்டியிருக்கும், உடல் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கும். கை இடுப்புக்கு வரும்போது பாதமும் தளத்தைவிடும். சட்டத்தை மீறவில்லை, ஆனால் நின்ற நிலையிலிருந்து புறப்படவும் இல்லை. நம் மைதானத்தில் மறுமுனையில் நிற்பவர், பந்துவீச்சாளரின் தோள் திரும்பும்போதே மெல்ல நடக்கத் தொடங்குவது இதே வித்தைதான்.

அடுத்த மிச்சம் பயணத்தின் கடைசி ஒரு மீற்றரில். கிரிக்கெட்டில் கால் கோட்டைத் தாண்ட வேண்டியதில்லை. கையில் பிடித்த துடுப்பின் நுனி தாண்டினால் போதும். துடுப்பின் நீளம் அதிகபட்சம் 96.5 சென்ரிமீற்றர். நீட்டிய கையையும் சேர்த்தால் உடலுக்கு முன்னால் ஒரு மீற்றருக்கும் மேல் போகிறது. 17.68 மீற்றர் பயணம் பதினாறரைக்கு இறங்கிவிடுகிறது. துடுப்பைக் காற்றில் தூக்கி ஓடி வந்து, கோட்டருகே அடிக்காமல் ஆட்டமிழப்பவர்களைக் காண்கையில் பயிற்றுநர் தலையில் கைவைப்பதன் கணிதக் காரணம் இதுவே.

சொஃப்ட்போலில் துடுப்பைக் கொண்டு ஓட முடியாது, எனவே சறுக்குகிறார்கள். இரண்டாம் தளத்தைத் தாண்டி ஓடிவிட்டால் தொட்டு வெளியேற்றலாம். அதனால் முழு வேகத்தில் வந்து அந்தச் சிறு தளத்திலேயே நிற்க வேண்டும். கால்களை முன்னே வீசித் தரையில் விழுந்தால், பாதம் உடலைவிட முன்னதாகத் தளத்தைத் தொடும். மண்ணின் உராய்வு மீதியைப் பார்த்துக்கொள்ளும். வேகம் குறைவதை நாம் பாடசாலையில் அமர்முடுகல் என்று படித்தோம். செக்கனுக்கு 7 மீற்றர் வேகத்தில் வருபவர், ஈர்ப்பின் முக்கால் பங்கு வலுவான உராய்வில் மூன்றரை மீற்றருக்குள் நின்றுவிடுவார். அவர் 50 கிலோ நிறையுள்ளவர் என்றால் அந்தச் சறுக்கலில் 1225 யூல் சக்தி வெப்பமாகிறது. ஒரு தேக்கரண்டித் தண்ணீருக்குள் அத்தனையும் போனால், அது 58 பாகை சூடேறிக் கை வைக்க முடியாதபடி கொதிக்கப் பார்க்கும். அந்த வெப்பத்தில் ஒரு பங்கு மண்ணுக்கு, ஒரு பங்கு காற்சட்டைக்கு, மீதி தொடைத் தோலுக்கு. அன்றிரவு குளிக்கும்போது எரிகிறதே, அது இயற்பியல்தான்.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். வாவிக்கரையில் இன்னும் இரண்டு பங்காளிகள் ஆட்டத்துக்குள் நுழைகிறார்கள்: காற்றும் மணலும்.

ரெனிஸ் பந்து லேசானது, ஆனால் உருவத்தில் கிரிக்கெட் பந்தைவிட அதிகம் சிறியதல்ல. அதன் மேல் ரோமம் வேறு. ஆகவே காற்று அதைப் பிடித்திழுக்கும் விசை, அதாவது வளித்தடை, அதன் நிறைக்கு மிகப் பெரிது. மணிக்கு 90 கிலோமீற்றரில் அதை எறிந்தால், அந்தக் கணத்தில் காற்று பின்னோக்கி இழுக்கும் விசை, பூமி கீழ்நோக்கி இழுக்கும் விசையைவிடக் கூடுதல். நம்ப முடியாவிட்டாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது. கிரிக்கெட் பந்துக்கோ அந்த இழுவை அதன் நிறையில் பாதிகூட இல்லை. விளைவைப் பாருங்கள். 35 மீற்றர் தூரத்திலிருந்து இரண்டையும் ஒரே வேகத்தில் எறிந்தால், கிரிக்கெட் பந்து விக்கெட்டுக்கு வர சுமார் 1.6 செக்கன், ரெனிஸ் பந்துக்கு சுமார் 2. வரும்போது அதன் வேகம் பாதியாகியும் இருக்கும். மிச்சமான அந்த 0.4 செக்கனில் ஓடுபவர் இரண்டரை மீற்றருக்கு மேல் ஓடிவிடுவார். கடினப்பந்தில் ரன் அவுட்டாக வேண்டியவர் மென்பந்தில் கோட்டுக்குள் நின்று சிரிக்கிறார். மென்பந்தில் ஓட்டக் களவு இத்தனை தாராளமாக நடப்பதற்கு வீரர்களின் துணிச்சலைவிடப் பந்தின் ரோமம் பெரிய காரணம் என்றே சொல்வேன்.

கச்சான் வீசும் மாதங்களில் இது இன்னும் கூடும். மேற்கிலிருந்து காய்ந்து வரும் அந்தக் காற்று செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் எதிர்த்து வீசினால், செக்கனுக்கு 25 மீற்றரில் புறப்படும் பந்து காற்றின் கணக்கில் 30 மீற்றரில் போகிறது. வளித்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால் இழுவை 44 வீதம் ஏறிவிடும். எறிகிற கையின் பக்கம் பார்க்காமல் தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து ஓட்டத்துக்கு அழைப்பவரை நான் மதிக்கிறேன்.

காற்று கள்வர் பக்கம் என்றால், மணல் காவலர் பக்கம். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவிக்கும் கடலுக்கும் நடுவே கல்லடியிலிருந்து கல்லாறு வரை நீளும் எழுவான்கரை, மணலில் அமர்ந்த ஊர்களின் வரிசை. காய்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. ஓட்டத்தின் முதல் அடிகளில்தான் பாதம் தரையைப் பின்னோக்கி அதிகமாக உதைக்கிறது. உதைக்கும் போது மணல் வழுக்கி ஓடினால், உந்துவிசையின் ஒரு பங்கு மணலை நகர்த்துவதிலேயே போய்விடும். வேகம் ஏறும் விகிதம், நம் ஆர்முடுகல், படுத்துவிடுகிறது. அறுவடை முடிந்த படுவான்கரை வயலில் பறக்கிற பையன், நாவலடி மணலில் இழுபடுவது அதனால்தான்.

ஆனால் அதே மணல் தண்ணீர்க் கரையோரத்தில் சீமெந்துபோல் இறுகியிருக்கும். மணிகளுக்கு நடுவே சிறிதளவு நீர் இருந்தால், அது பாலம்போல் நின்று இரு மணிகளையும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். நீர்த்துளியை உருண்டையாக வைத்திருக்கும் அதே பரப்பிழுவை இங்கே ஒட்டுப்பசையாகிறது. நீர் கூடினால் பாலங்கள் மூழ்கி, மணல் மறுபடி குழைந்துவிடும். அந்த ஈரப் பட்டியில் பாதம் வைக்கும்போது இன்னொரு அதிசயம் நடக்கும். மிதித்த இடத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் வெளிறிக் காய்ந்ததுபோல் தெரியும். மிதித்தால் நீர் பிதுங்கி வெளியே வரவேண்டும் அல்லவா, அது எப்படி உள்ளே போகிறது? 1885இல் ஒஸ்போர்ன் றெனோல்ட்ஸ் இதற்கு விடை சொன்னார். நெருக்கமாக அடுக்கப்பட்ட மணிகள் நகர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் நகர முடியும். ஏறும்போது இடைவெளி பெருகும், மேற்பரப்பு நீர் அந்த இடைவெளிக்குள் இறங்கும். மிதிக்கிறோம், மணல் விரிகிறது. விரியும் மணல் பாதத்தைத் தாங்குகிறது.

அடுத்து குறி. மூன்று ஸ்டம்புகளும் சேர்ந்து 22.86 சென்ரிமீற்றர் அகலம். பத்து மீற்றரிலிருந்து பார்த்தால் அது 1.3 பாகை. நடுவைக் குறிவைத்து எறிபவரின் கை ஒரே ஒரு பாகை விலகினால், பந்து நடு ஸ்டம்பிலிருந்து 17 சென்ரிமீற்றர் அப்பால் போகும். அதாவது தவறும். ஓடிக் குனிந்து, ஒரு கையால் பொறுக்கி, உடல் திரும்பாமலே எறியும்போது ஒரு பாகைக்குள் எறிவதென்பது பெரிய காரியம். தவறியதற்குத் திட்டுபவர்கள் ஒரு நாள் தாங்களும் எறிந்து பார்க்கலாம்.

எல்லே விளையாட்டில் குறி இன்னும் விசித்திரமானது. இலங்கைப் பாடசாலைகளில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஆடும் இந்த ஆட்டத்தில், தடியால் பந்தை அடிக்க மூன்று வாய்ப்புகள். அடித்ததும் இடையிடையே உள்ள தரிப்பிடங்களைத் தாண்டிச் சுற்றி வர வேண்டும். ஓடும்போது பந்தால் ஆளையே எறிந்து அடித்தால் ஆட்டமிழப்பு. ஆள் ஸ்டம்பைவிட அகலம்தான், ஆனால் ஆள் நிற்பதில்லை. பத்து மீற்றர் தூரத்தைப் பந்து கடக்கும் 0.4 செக்கனில் அவர் இரண்டரை மீற்றர் நகர்ந்திருப்பார். ஆகவே அவர் இருக்கும் இடத்துக்கு எறிந்தால் பயனில்லை, இருக்கப்போகும் இடத்துக்கு எறிய வேண்டும். ஓடுபவர் அதை அறிந்து அங்கே போகாமல் விட வேண்டும். ஆரம்ப கால பேஸ்போலிலும் இப்படி ஆளை எறிந்து வீழ்த்துவது இருந்தது. 1845இல் நியூயோர்க்கின் நிக்கர்பொக்கர் கழகம் எழுதிய விதிகள் அதைத் தடை செய்தன. ஆளின் மேல் படாது என்றானதும் பந்தைக் கெட்டியாக்க முடிந்தது. கெட்டியான பந்து வேகமாகவும் தூரமாகவும் பறந்தது. இன்றைய தளத் திருட்டின் கடிகாரம் அந்தத் தடையிலிருந்துதான் ஓடத் தொடங்கியது. எல்லே மென்மையான பந்தோடு நின்றுவிட்டது, அதனால் நெளிந்து தப்பும் கலையும் அதில் நின்றுவிட்டது.

நெளிந்து தப்புவதற்குத் தலைசிறந்த பாடசாலை கிளித்தட்டு. கோட்டில் நின்று மறிப்பவர் அந்தக் கோட்டை விட்டு வர முடியாது. தாண்டுபவர் இடப்பக்கம் ஒரு தோளைச் சாய்த்துக் காட்டி வலப்பக்கம் புகுந்துவிடுவார். மறிப்பவரோ பார்த்துக்கொண்டே நிற்பார். ஏன் அவரால் திரும்ப முடியவில்லை? 1931இல் டெல்ஃபோர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒன்றைக் கவனித்தார். ஒரு தூண்டலுக்குத் துலங்கத் தொடங்கிய மூளை, அதை முடிக்குமுன் வரும் இரண்டாம் தூண்டலை வாசலிலேயே காக்கவைக்கிறது. இந்தக் காத்திருப்பை உளத் தடைக்காலம் எனலாம்: முதல் வேலை முடியும்வரை அடுத்த வேலைக்குக் கதவு மூடியிருக்கும் காலம். இரண்டு அசைவுகளும் கால் செக்கனுக்குள் வந்தால் மறிப்பவர் பொய்யான முதல் அசைவுக்கே விடை சொல்லிக்கொண்டிருப்பார். ஓட்டத் திருட்டிலும் இதுவே நடக்கிறது. இரண்டடி ஓடி நின்று பின்வாங்குவதுபோல் காட்டினால், எடுத்த பந்தை வீசும் முடிவைக் களத்தடுப்பாளர் ஒரு கணம் தள்ளிப்போடுவார். அந்த ஒரு கணம் போதும்.

வேகமே இல்லாமலும் திருடலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. கிரிக்கெட் அணித்தலைவராயிருந்த அர்ஜுன ரணதுங்க ஓட்டங்களை நடந்தே எடுத்தவர். அவுஸ்திரேலியர்களுக்கு அதைக் கண்டால் கொதிக்கும். ஆனால் கணக்கு அவர் பக்கம் இருந்தது. களத்தடுப்பாளர் பந்தை எட்ட எடுக்கும் நேரம், எறியும் நேரம் இரண்டையும் கூட்டி, அதைவிடத் தன் நடை விரைவு என்று தெரிந்தால் ஏன் ஓட வேண்டும்? பந்தை இடைவெளியில் தள்ளுவதற்கு அவர் செலவழித்த கவனம்தான் கால்களுக்கு ஓய்வு கொடுத்தது.

எவ்வளவு துணியலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பேஸ்போலில் ஒரு தளம் முன்னேறுவதால் வரும் இலாபத்தைவிடப் பிடிபட்டால் வரும் நட்டம் பெரிது. இருந்த ஆளும் போகிறார், மூன்று ஆட்டமிழப்புகளில் ஒன்றும் தீர்ந்துவிடுகிறது. இரண்டையும் நிறுத்துப் பார்த்தவர்கள், நான்கு முயற்சியில் மூன்றளவில் வென்றால்தான் களவு கட்டுப்படியாகும் என்கிறார்கள். 1406 தளங்களைத் திருடி எவரும் எட்டாத உயரத்தில் நிற்கும் ரிக்கி ஹென்டர்சன்தான், 335 முறை பிடிபட்டு அதிலும் முதலிடத்தில் நிற்கிறார். நூற்றுக்கு எண்பது வெற்றி, கணக்குப் பிசகவில்லை. பிசகியவர் பேப் ரூத். 1926 உலகத் தொடரின் ஏழாவது, இறுதி ஆட்டத்தில், ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்த அணியின் கடைசி நம்பிக்கையாக முதலாம் தளத்தில் நின்ற அந்தப் பருத்த மனிதர், யாரும் எதிர்பாராமல் இரண்டாம் தளத்தைத் திருடப் புறப்பட்டார். பிடிபட்டார். தொடரும் அங்கேயே முடிந்தது.

இந்தச் சமநிலை எத்தனை நுண்ணியது என்பதை 2023 காட்டியது. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்போலில் தளத்தின் பக்கத்தை 15 அங்குலத்திலிருந்து 18 ஆகப் பெரிதாக்கினார்கள். முதலாம், இரண்டாம் தளங்களுக்கிடையே குறைந்த தூரம் நாலரை அங்குலம், நம் கையில் ஒரு சாணைவிடச் சிறியது. பந்தெறிபவர் ஓடுபவரை மிரட்ட எறியும் எறிகளுக்கும் எல்லை வைத்தார்கள். முந்திய ஆண்டில் 2,486ஆக இருந்த களவுகள் அந்த ஆண்டு 3,503ஆகின.

எல்லாச் சட்டமும் முன்னோக்கித் திருடுபவருக்கு என்றே எழுதப்பட்டிருந்தது. 1911 ஓகஸ்ட் 4ஆம் திகதி வொஷிங்டன் அணியின் ஹேர்மன் ஷேஃபர் இரண்டாம் தளத்தைத் திருடினார். பிடிப்பவர் தன்னைப் பிடிக்க எறிவார், அந்தச் சந்தடியில் மூன்றாம் தளத்தில் நிற்கும் தோழர் உள்ளே ஓடிவருவார் என்பது திட்டம். பிடிப்பவர் ஏமாறவில்லை, பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டார். ஷேஃபருக்கு ஒரு யோசனை. இதே வலையை மறுபடி விரிக்க வேண்டுமானால் மறுபடி முதலாம் தளத்தில் நிற்க வேண்டும். அடுத்த பந்துக்கு இரண்டாம் தளத்திலிருந்து முதலாம் தளத்துக்குத் திரும்பி ஓடி, அதையும் திருடினார். எதிரணி முகாமையாளர் மைதானத்துக்குள் இறங்கிக் கத்தினார். ஆனால் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை, அப்படியொரு சட்டமே இல்லை. ஆட்டத்தைக் கேலிக்கூத்தாக்கும் நோக்கோடு தளங்களைத் தலைகீழாக ஓடக் கூடாது என்று பிறகு எழுதிச் சேர்த்தார்கள்; அதற்கு 1920 ஆனது.